வால் இல்லாத தோட்டா

தோட்டாக் கூடத்துக்குள் போகிற பெண்கள் காப்பையும் வளையலையும் வாசலிலேயே கழற்றி, சுவரில் அடித்திருந்த மர முளைகளில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே வெடிமருந்து. எதிலாவது உரசி ஒரு பொறி கிளம்பினால் பூலாக் பேட்டையே நைல் நதிக்குள் போய் விழும் என்று மேற்பார்வைக்காரி உம்மு ஹிலால் தினமும் சொல்வாள். கத்ராவின் முளையில் கல்யாணத்தன்று போட்ட வெள்ளிக் காப்பு ஒன்று மட்டும் தொங்கியது. பக்கத்து முளை ஸன்னூபாவுடையது. அதில் நான்கு கண்ணாடி வளையல்கள். இரண்டு புதுசு, நல்ல பச்சை. கத்ரா பார்க்காத மாதிரி பார்த்தாள்.

"அத்வா அண்ணன் வாங்கிக் கொடுத்தாரா?"

"வேற எவன் கொடுப்பான் எனக்கு? வேணாம்னுதான் சொன்னேன். கேட்டாத்தானே அந்த மனுஷன்" என்றாள் ஸன்னூபா. "ரொம்ப நேரம் பாக்காதடி, கண்ணு பட்டு உடைஞ்சிரப் போவுது."

இருவரும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்து இடம். விரல் தடிமனில் ஒரு மர உருளை, அதைச் சுற்றி ஒரு காகிதத் துண்டு, அடியில் ஈயக்குண்டு, அதற்கு நூல் கட்டு. உருளையை உருவிவிட்டு மருந்தைக் கொட்டி, மிச்சக் காகிதத்தை இரண்டு விரற்கடை நீளத்துக்கு முறுக்கிவிட்டால் தோட்டா தயார். அந்த முறுக்குக்கு வால் என்று பெயர். சண்டையில் சிப்பாய் வாலை முன்பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைத் துப்பாக்கி வாயில் கொட்டிக் குச்சியால் இடிக்க வேண்டும். வால் தளர்ந்தால் மருந்து சிந்தும். ரொம்ப இறுகினால் பல்லுக்கு அகப்படாது. தட்டு நிறைந்ததும் உம்மு ஹிலால் இரண்டொன்றை எடுத்துத் தன் பல்லாலேயே கடித்துப் பார்ப்பாள். சாயங்காலத்துக்குள் அவள் உதடு கருத்துப்போகும்.

நாட்டை ஆளும் பாஷாவின் படை துருக்கித் தலைநகரான ஸ்தம்பூலுக்குள் புகுந்து சுல்தானை இறக்கி இருபது வருடம் ஆகியிருந்தது. ஜெயித்தாயிற்றே, இனிமேல் படையைக் குறைப்பார்கள் என்று அப்போது சந்தோஷப்பட்டவர்கள் சுத்த வெகுளிகள். பிடித்த ஊர் பெருகப் பெருகக் காவலுக்கு ஆள் வேண்டியிருந்தது. பூலாக்கில் நூல் ஆலை இருந்த இடத்தில் துப்பாக்கி ஆலை வந்தது. பட்டறைக்கு நீராவி எந்திரம் வந்தது. வருடத்துக்கு இரண்டு முறை ஆள்பிடிக்கிறவர்கள் வந்தார்கள். பிடித்துக்கொண்டு போன ஆள் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை. அதனால் பிடிக்கிற அன்றைக்கே பெண்கள் முகத்தில் சேறு பூசி, இழவு வீட்டில் அழுகிற மாதிரி அழுது தீர்த்துவிடுவார்கள்.

ராணுவ வைத்தியர் முதலில் சொல்கிற வார்த்தை "வாயைத் திற." மேலே இரண்டு, கீழே இரண்டு, முன்பல் நான்கும் இருந்தால்தான் சிப்பாய். இல்லாதவனால் தோட்டாவைக் கடிக்க முடியாது. அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இது தெரிந்த நாளிலிருந்து பூலாக் கழுதைகளுக்கு என்னவோ ஆகிவிட்டது. எந்த ஆணைக் கேட்டாலும் கழுதை உதைத்துவிட்டது என்பான். உதட்டில் ஒரு கீறல் இருக்காது, மூக்கு நேராக இருக்கும், முன்பல் நான்கு மட்டும் போயிருக்கும். தானே பிடுங்கிக்கொண்டவனுக்குக் கப்பலில் துடுப்புத் தண்டனை. எனவே பழி கழுதை மேல்தான்.

ஸன்னூபாவின் புருஷன் அத்வாவையும் கழுதைதான் உதைத்தது. அந்தக் கழுதை, கம்மாளனிடம் கேட்டு வாங்கிவந்த குறடு. ஐந்து வருடத்துக்கு முன், முற்றத்துக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, ஸன்னூபா புருஷனின் மார்பில் முழங்காலை ஊன்றிக்கொண்டு நான்கையும் பிடுங்கினாள். கத்ராதான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் ஸன்னூபா குறட்டைக் கழுவி, "இந்தா, உன் ஆளைக் கூப்பிடு" என்று நீட்டினாள்.

கத்ராவின் புருஷன் ஷலபி வாசலில் நின்றுகொண்டிருந்தான். அத்வாவின் வாயிலிருந்து வழிந்ததைப் பார்த்து முகம் வெளுத்திருந்தாலும் கத்ராவைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். பச்சரிசி மாதிரி பல். கையில் குறடோடு அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்க்கா" என்றாள்.

அந்த வாரமே வியாழக்கிழமை ஆள்பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். வைத்தியர் ஷலபியின் வாயைப் பார்த்து, "அடடா, என்ன பல்லுடா உனக்கு!" என்றாராம். இப்போது அவன் எங்கோ வடக்கே தன்யூப் ஆற்றங்கரையில் இருந்தான். அங்கே ஆறு கெட்டியாகிவிடும், அதன்மேல் நடந்தே போகலாம் என்று முதல் வருடம் யாரிடமோ சொல்லியனுப்பியிருந்தான். கத்ரா அதை நம்பவில்லை. பிறகு சேதி எதுவும் வரவில்லை.

இரண்டு குடும்பத்துக்கும் ஒரே முற்றம், ஒரே கிணறு. மாலையில் அத்வா துறையில் மூட்டை சுமந்துவிட்டு வருவான். ஸன்னூபா ரொட்டியின் ஓரத்தை எல்லாம் கிள்ளி எடுத்துவிட்டு, நடுப்பகுதியை வேகவைத்த மொச்சைக் குழம்பில் ஊறப்போட்டு, வெங்காயத்தை நசுக்கி அவன் முன்னால் வைப்பாள். அவன் உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிடுவது முற்றம் முழுக்கக் கேட்கும். பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போகும். பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. கத்ரா சுவருக்கு இந்தப் பக்கம் தன் ரொட்டியைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பாள். அவளுக்கு வயிறு எரியும். வளையலுக்கு எரிந்ததைவிட அந்த உறிஞ்சலுக்கு அதிகமாக எரியும்.

ஸன்னூபா கெட்டவள் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "பல்லழகைப் பாத்துக்கிட்டே நின்னியே, ஆளே போயிட்டான் பாரு" என்று ஐந்து வருடத்தில் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு ஒரு கிண்ணம் குழம்பும் கொடுப்பாள். அந்தக் குழம்பை வாங்கிக் குடிப்பதுதான் கத்ராவுக்கு எல்லாவற்றிலும் கஷ்டம்.

நைல் வெள்ளம் வடிகிற சமயத்தில் கூடத்துக்குப் பின்னால் புதிதாக ஓர் அறை கட்டி முடித்தார்கள். வாசலில் காவலாள் நின்றான். ஆலை அதிகாரி எஃபெந்தி ஒருநாள் உம்மு ஹிலாலோடு பலகை பலகையாக வந்தார். புருஷன் பட்டாளத்தில் இருக்கிற பெண்களை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஏன் அவங்களை மட்டும்?" என்று ஸன்னூபா தைரியமாகக் கேட்டாள். "என் கை ஆகாதா? நான் உருட்டின தோட்டா எதுவாச்சும் திரும்பி வந்திருக்கா?"

"கை இல்ல பேச்சு, வாய்தான் பேச்சு" என்றார் எஃபெந்தி. "உள்ள நடக்கறது வெளிய போகக் கூடாது. புருஷன் எங்ககிட்ட இருந்தா பொண்டாட்டி வாயைத் திறக்க மாட்டா."

எட்டுப் பேரைப் பொறுக்கினார்கள். அதில் கத்ராவும் ஒருத்தி. புது அறையில் ஜன்னல் பெரியது, உட்கார மெத்தென்று பாய், மத்தியானம் ஆளுக்கு ஒரு ரொட்டி கூடுதல். அன்றைக்கு ஸன்னூபா வளையலை முளையில் மாட்டிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். ஐந்து வருடத்தில் முதல்முறையாகக் கத்ராவுக்கு ஸன்னூபாவிடம் இல்லாத ஒன்று கிடைத்திருந்தது. அது உள்ளுக்குள் தித்தித்தது. மறைப்பானேன், நன்றாகவே தித்தித்தது.

குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உட்காரவிட்டார்கள். மாதிரித் தோட்டாவை உம்மு ஹிலால் ஆளுக்கொன்று கொடுத்தாள். கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. இரண்டு முனையும் பசையால் ஒட்டியிருந்தது. கத்ரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு வால் எங்க?"

"வால் கிடையாது" என்றார் எஃபெந்தி. மேஜையில் ஒரு புதுத் துப்பாக்கி இருந்தது. அவர் அதன் பின்பக்கத்தில் இருந்த ஒரு பிடியை இழுத்தார். துப்பாக்கி பெட்டி திறப்பது போலப் பின்னால் திறந்துகொண்டது. மருந்தில்லாத தோட்டா ஒன்றை அப்படியே முழுசாக உள்ளே தள்ளி மூடினார். "பாத்தீங்களா? கொட்டறதும் இல்ல, இடிக்கறதும் இல்ல. கடிக்கவும் வேணாம். ஒரு கோதுமை மணி தடிச்சாலும் உள்ள போகாது. அதனாலதான் நல்ல கைக்காரிகளாப் பாத்து எடுத்திருக்கேன்."

கடிக்கவும் வேண்டாம் என்றதை எட்டுப் பெண்களும் கேட்டார்கள். எட்டுப் பேரின் புருஷனும் பல்லோடு போனவர்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். கத்ராவுக்கு முதலில் எழுந்த நினைப்பு ஷலபியைப் பற்றி: பல்லைப் பிடுங்காததற்காக ஐந்து வருடம் என்னையே தின்றுகொண்டிருந்தேனே என்று. இரண்டாவது நினைப்பு அத்வாவைப் பற்றி. கையிலிருந்த தோட்டாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் அதை உருட்டினாள். தினமும் வீட்டுக்கு வரும் வழியில், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். சத்தியம் செய்திருக்கிறேனே என்றும் நினைப்பாள். சத்தியம் உதட்டில்தான் இருந்தது. உள்ளே இருந்தது வேறு. பூலாக்கில் எந்தப் பெண்தான் சத்தியம் செய்துவிட்டு, கிணற்றடியில் யார் காதிலாவது ஓதாமல் இருந்திருக்கிறாள்? அது அவளுக்கே தெரியும்.

"உள்ள என்னடி செய்யறீங்க அப்படி?" என்று ஸன்னூபா கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. அதே தோட்டாதான்."

"அதே தோட்டாவுக்கா ரெண்டு ரொட்டி?"

"கொஞ்சம் சின்னது."

"சின்னதுக்குப் பெரிய ரொட்டியா! நல்லா இருக்குடி உங்க நியாயம். இந்த ஆளோட நாலு பல்லைப் பிடுங்கப் போய் என் இடம் போச்சு பாரு" என்று ஸன்னூபா சிரித்தாள். பாதிச் சிரிப்புதான் சிரிப்பு.

ரஜப் மாதம் பிறந்ததும் ஆள்பிடிக்கிறவர்கள் வரப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. இந்த முறை பெரிய கணக்கு, புதிதாக இரண்டு படைப்பிரிவு எழுப்புகிறார்கள் என்றார்கள். அன்று திங்கட்கிழமை. அறையைவிட்டு வெளியே வந்தபோது கத்ரா முடிவு செய்துவிட்டாள். என்ன ஆனாலும் இன்றைக்குச் சொல்லிவிடுவது. தலையைப் பிடித்துக்கொண்டவள் நான், எனக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டாள். கூடுதல் ரொட்டியைக்கூடத் தின்னாமல் ஸன்னூபாவுக்கென்று துணியில் முடிந்துகொண்டு நடந்தாள்.

முற்றத்தில் ஸன்னூபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வலி. உருளை உருட்டுகிற எல்லாருக்கும் வருகிற வலிதான், கத்ராவுக்கும் உண்டு. அத்வா அவள் எதிரே சம்மணமிட்டு, அவள் கையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். மூட்டை சுமக்கிற பெரிய கட்டைவிரலால் மெதுவாக, எலும்பு எலும்பாக நீவினான். ஸன்னூபா கண்ணை மூடிக்கொண்டு, "அங்கதான், அங்கதான், செத்த அமுத்து" என்றாள்.

முற்றத்தின் அந்தப் பக்கம் ஸன்னூபாவின் தம்பி ரிஸ்க் நின்றிருந்தான். நைலில் தெற்கே இருக்கிற ஊர்களுக்குப் படகு ஓட்டுகிறவன்.

"வந்துட்டா பாரு, இவகிட்டயே கேளு" என்றாள் ஸன்னூபா கண்ணைத் திறந்து. "கத்ரா, என் தம்பி நாளன்னைக்குக் காலைல மினியாவுக்குப் படகு எடுக்கறானாம். மச்சானையும் ஏத்திக்கிட்டுப் போறேன், ஆள்பிடி முடிஞ்சதும் கொண்டுவந்து விடறேன்கிறான். துறையில இவரு போட்டுட்டுப் போற வேலையை வேற எவனாச்சும் எடுத்துக்க மாட்டானா? பல்லில்லாத கிழவனுக்கு எதுக்குடா ஓட்டம்னு நான் கேட்டேன்."

"நான் கிழவனா?" என்றான் அத்வா. வார்த்தை பாதி காற்றாக வந்தது.

"காத்து கேட்டுச்சுல்ல, சும்மா இரு" என்று ஸன்னூபா அவன் தோளில் தட்டினாள். கையை மட்டும் அவன் மடியிலிருந்து எடுக்கவில்லை.

"இந்தத் தடவை என்னமோ கெடுபிடியா இருக்கும்னு படகுத்துறையில பேசிக்கறாங்கக்கா" என்றான் ரிஸ்க். "ரெண்டு மாசம்தானே."

"நீதான்டி இப்ப எஃபெந்தி பக்கத்துல உக்காந்திருக்க பெரிய மனுஷி. சொல்லு, இவரு போகணுமா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். கத்ரா அத்வாவின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்கவே இல்லை. கத்ராவின் மணிக்கட்டுக்குள் ஏதோ சுருக்கென்றது. ஐந்து வருடமாக அந்தக் கையை யாரும் தொட்டதில்லை.

"அவருக்கு என்னக்கா பயம்?" என்றாள். "பல்லில்லாத ஆளை யாரு கேக்கப் போறா?"

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள் ஸன்னூபா.

கத்ரா ரொட்டி முடிச்சை இடுப்பில் வைத்தபடியே தன் பக்கம் போனாள். உட்கார்ந்து அதைத் தானே தின்றாள்.

புதன்கிழமை காலை அறையில் உட்கார்ந்திருந்தபோது, படகுக்காரர்கள் பாய்மரம் ஏற்றுகிற கூச்சல் ஜன்னல் வழியாகக் கேட்டது. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினால் துறைக்கு ஐந்நூறு அடி. இந்தத் தோட்டாவை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். பிறகு அடுத்ததை. தட்டு நிறைந்தபோது கூச்சல் நின்றிருந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்தபோது பள்ளிவாசலின் இரண்டு வாசலிலும் சிப்பாய்கள் நின்றிருந்தார்கள். இளைஞர்கள் சுவரேறிக் குதித்தார்கள். அத்வா ஓடவில்லை. தொப்பிக்குள் மடித்து வைத்திருந்த, "பல் இல்லை" என்று முத்திரை குத்திய சீட்டை எடுத்துக் காட்டிக்கொண்டு சாவகாசமாக நடந்து வந்தான். பக்கத்தில் ஓடியவனிடம், "ஏன்டா குதிக்கிற, கழுதைகிட்ட ஒரு உதை வாங்கியிருக்கலாமே" என்று கேலிகூடப் பண்ணினானாம். சிப்பாய் சீட்டை வாங்கிப் பார்க்காமலேயே அவன் கையை மரக்கட்டையில் பூட்டினான். எல்லாம் முகாமில் வந்து சொல்லு என்றான்.

மறுநாள் முகாம் வாசலில் சேறு பூசிய பெண்கள் கூட்டம். ஸன்னூபா மட்டும் சேறு பூசவில்லை. அழவும் இல்லை. அழுகிறவர்களைத் தள்ளிக்கொண்டு கம்பி வாசலுக்கு முன்னால் போய் நின்றாள். கத்ரா கூடப் போகாமல் இருக்க முடியவில்லை.

உள்ளே மைதானத்தில் ஆண்கள் மூன்று வரிசையாக நின்றார்கள். வைத்தியர் முதல் வரிசையில் வந்துகொண்டிருந்தார். யாரும் சொல்லாமலேயே பூலாக்கின் கழுதை உதைத்த ஆண்கள் அத்தனை பேரும் வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது பேர் இருக்கும். வெயில் நேராகத் தொண்டைக்குள் அடித்தது. அத்வா கழுத்தைப் பின்னால் சாய்த்து, ஈறு நன்றாகத் தெரியும்படி உதட்டைக்கூட விரலால் தூக்கிப் பிடித்திருந்தான். வைத்தியர் ஒவ்வொருவன் வலது கண்ணையும் பார்த்தார், ஆள்காட்டி விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார், தோளைத் தட்டினார், அடுத்தவனிடம் போனார். வாய் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. அவர் தாண்டிப் போன பிறகும் அவர்கள் வாயை மூடவில்லை.

"ஐயா! வைத்தியரய்யா!" என்று ஸன்னூபா கம்பிக்குள் கையை விட்டுக் கத்தினாள். கையில் ஒரு சிறிய துணி முடிச்சு இருந்தது. "அந்த மூணாவது ஆளு, அவருக்குப் பல்லு இல்லய்யா! சீட்டு இருக்கு! இந்தா பாருங்க, பல்லே இருக்கு!"

பால்பல் விழுந்தால் சூரியனைப் பார்த்து வீசிவிட்டு நல்ல பல் கேட்பது அங்கே வழக்கம். அத்வாவின் நான்கையும் அவள் வீசவில்லை. என்றைக்காவது யாராவது நம்பாவிட்டால் காட்டலாம் என்று ஐந்து வருடம் பெட்டியில் வைத்திருந்தாள். வைத்தியருக்குப் பின்னால் வந்த எழுத்தர் வாசலருகே வந்து முடிச்சைப் பிரித்துப் பார்த்தார். நல்ல மனிதர்தான், கத்தவில்லை.

"இதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போம்மா. இப்ப பல்லு வேண்டியதில்ல."

"வேண்டியதில்லையா? பல்லு இல்லாம எப்படிய்யா கடிப்பாரு?"

"கடிக்க வேண்டாமே" என்றார் அவர், அவ்வளவுதான்.

ஸன்னூபா திரும்பிக் கத்ராவின் முக்காட்டைப் பிடித்துக்கொண்டாள். "கடிக்காம எப்படிடி சுடுவான்? நாம வால் முறுக்கறோமே, அது எதுக்கு? எனக்கு ஒண்ணும் விளங்கலையே. உனக்கு விளங்குதா?"

"எனக்கென்னக்கா தெரியும்" என்றாள் கத்ரா.

அப்போதுதான் ஸன்னூபா குனிந்து தரையிலிருந்து சேற்றை அள்ளினாள். முகத்தில் பூசிக்கொண்டு, கத்ராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்னைக் கேலி பண்ணேன்ல, அல்லா கேட்டுட்டான். இனிமே நீயும் நானும் ஒண்ணுடி, தங்கச்சி. வேற யாரு இருக்கா எனக்கு?" அவள் முகத்துச் சேறு கத்ராவின் கன்னத்திலும் ஒட்டியது.

அன்று மாலை முற்றத்தில் உறிஞ்சல் சத்தம் இல்லை. கத்ரா ரொட்டியைக் கடித்துவிட்டு, கேட்காத அந்தச் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். நினைத்தது நடந்துவிட்டது. ஸன்னூபாவும் இப்போது அவளைப் போலத்தான். ஆனால் அதனால் ஷலபி ஒன்றும் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடவில்லை. ஸன்னூபா ஒரு கிண்ணம் மொச்சைக் குழம்பைக் கொண்டுவந்து வைத்தாள். பழக்கத்தில் ரெண்டு பேருக்கு வேகவைத்துவிட்டேன் என்றாள்.

பத்து நாள் கழித்து உம்மு ஹிலால் ஸன்னூபாவைப் புது அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். புதுப் படைப்பிரிவுகளுக்குத் தோட்டா போதவில்லை, இன்னும் இருபது பேர் வேண்டும் என்று எஃபெந்தி கேட்டிருந்தார்.

"இவ புருஷனும் இப்ப பட்டாளத்துல. அதனால இனிமே இங்கதான்" என்றாள் உம்மு ஹிலால். "கத்ரா, உன் பக்கத்துலயே போட்டிருக்கேன். கத்துக்கொடு."

ஸன்னூபா குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். வந்து உட்கார்ந்தாள். பாயைத் தடவிப் பார்த்து, "மெத்துனுதான் இருக்கு" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தாள். கத்ரா மாதிரித் தோட்டாவை அவள் கையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள்.

ஸன்னூபாவின் விரல்கள் பழக்கத்தில் மேல்முனையைத் தேடின. இல்லை. தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பின. அங்கும் இல்லை. ஒட்டிய இடத்தை நகத்தால் நெருடிப் பார்த்தாள். எதிரே மேஜையில் எஃபெந்தி புதிதாக வந்த பெண்களுக்காகத் துப்பாக்கியின் பிடியை இழுத்துத் திறந்தார். ஒரு தோட்டாவை அப்படியே உள்ளே தள்ளி மூடினார். கடிக்கவும் வேண்டாம் என்றார்.

ஸன்னூபா அதைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இதை உருட்டுற?" என்று கேட்டாள் மெதுவாக.

கத்ராவின் உருளை கையில் நின்றது.

"ஒரு மாசத்துக்கு மேல இருக்குமே" என்றாள் உம்மு ஹிலால், தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவள். "முத நாள்லேர்ந்து இவ இருக்கா. இந்த அறையிலேயே இவ கைதான் சுத்தம்."

ஸன்னூபா கையிலிருந்த தோட்டாவைத் தூக்கி, கத்ராவைப் பார்த்தபடியே, தன் முன்பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தாள்.

"அடியே, கடிக்காத! பாழாப் போயிரும்" என்று உம்மு ஹிலால் கத்தினாள். "அதுக்கெல்லாம் இனிமே அவசியம் இல்லன்னு இப்பத்தானே சொன்னாரு?"

ஸன்னூபா அதை வாயிலிருந்து எடுத்தாள். காகிதத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கு பல்லின் தடம் பதிந்திருந்தது. அதைக் கத்ராவின் தட்டில், காலியாக இருந்த முதல் குழியில் வைத்தாள். பிறகு பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து உருளையில் சுற்ற ஆரம்பித்தாள். நண்பகல் பாங்குக்கு முன்னால் ஆளுக்கொரு தட்டு நிறைய வேண்டும்.